அதிவேக ரயிலும் அரசு–தனியார் கூட்டும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் இடையே 185 கி.மீ. தூரத்துக்கு, மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ரயில் விட முடியுமா என்று ஆராயப்படும் என 2025-26 தமிழ்நாடு பட்ஜெட் அறிவித்தது. அன்று முதல் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இரண்டு பேச்சு ஓடுகிறது: "தனியார்தான் கட்டப் போகிறார்களாம்", "மலைக்கும் வருமாம்". இரண்டையும் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். புதுத் தடத்தில் 250 கி.மீ.க்கு மேல் ஓடுவதைத்தான் உலக வழக்கில் அதிவேக ரயில் என்கிறார்கள். 160 என்பது அதற்கு ஒரு படி கீழே. ஆனால் ஒப்பந்தத்தின் சிக்கல்கள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிபிபி (அரசு–தனியார் கூட்டு) என்றால் ரயில்வேயைத் தனியாருக்கு விற்பதா?

இல்லை. நிலம் அரசின் பெயரிலேயே இருக்கும். தனியார் நிறுவனம் கட்டி, பொதுவாக 25 முதல் 50 ஆண்டுகள் வரை நடத்தி அல்லது பராமரித்து, கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த உரிமைக்கான ஆவணத்தைக் கன்செஷன் ஒப்பந்தம் என்பார்கள். விற்பனையா இல்லையா என்று சண்டை போடுவதைவிட வேறொரு கேள்வி முக்கியம்: எதிர்பார்த்த கூட்டம் வராவிட்டால் நஷ்டம் யார் தலையில்? ஒப்பந்தம் 400 பக்கம் இருந்தாலும் அதன் உயிர் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

எத்தனை வகை இருக்கிறது?

நடைமுறையில் நான்கு.

முதலாவது, கட்டி, ஓட்டி, டிக்கெட் பணத்திலேயே கடனை அடைப்பது. கூட்டம் குறைந்தால் நஷ்டம் தனியாருக்கு. தைவான் இப்படித்தான் தொடங்கியது.

இரண்டாவது, தனியார் தண்டவாளத்தை மட்டும் கட்டிப் பராமரிப்பது. ரயில் ஓட்டுபவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தடக் கட்டணம் கட்டுவது. பிரான்சின் தூர்–போர்தோ தடம் இந்த வகை.

மூன்றாவது, அரசே ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது. தடம் பழுதில்லாமல் தயார் நிலையில் இருந்தால் முழுத் தொகை, கோளாறு வந்தால் பிடித்தம். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது தனியாருக்குக் கவலையில்லை. பிரான்சின் பிரெத்தாஞ் தடம் (182 கி.மீ., 2017), நெதர்லாந்தின் தெற்குத் தடம் இரண்டும் இப்படி.

நான்காவது, அரசு கட்டி முடித்து, ஓட்டும் வேலையை மட்டும் தனியாரிடம் தருவது. டெல்லி–மீரட் நமோ பாரத் ரயிலை ஓட்டிப் பராமரிக்கும் பொறுப்பு 12 ஆண்டு ஒப்பந்தத்தில் ஜெர்மன் ரயில்வேயின் துணை நிறுவனத்திடம் இருக்கிறது. 82 கி.மீ. தடத்தைக் கட்டிய பணம் அரசுகளுடையது, பன்னாட்டு வங்கிகளின் கடன். கோவை–சேலம் தடம் வந்தால் இந்த நான்காவது வகையே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. காரணங்கள் கீழே வரும்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே அதிவேக ரயில் ஏறுமா?

ஏறாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,711 மீட்டரில். ஏற வேண்டியது 1,385 மீட்டர். அதிவேகத் தடங்களில் மிகச் செங்குத்தானவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் பாரிஸ்–லியோன் தடத்திலேயே ஏற்றம் 1,000 மீட்டருக்கு 35 மீட்டர்தான். அந்த விகிதத்தில் ஒரு இடத்திலும் சமதளம் இல்லாமல் ஏறினாலும் குன்னூருக்கு ஏறக்குறைய 40 கி.மீ. தடம் வேண்டும். இன்றைய மலை ரயில் அதை 27 கி.மீ.யில் முடிக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சட்டம் (என்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பற்கள் கொண்ட சட்டம்) இருப்பதால் 12.28 அடிக்கு ஓர் அடி, அதாவது 1,000 மீட்டருக்கு 80 மீட்டருக்கும் மேல் ஏற முடிகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, மணிக்கு 13 கி.மீ. வேகம்.

மீதித் தூரத்தை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறலாமே என்றால், 300 கி.மீ. வேகத்துக்கு வளைவின் ஆரம் சுமார் 4 கி.மீ. வேண்டும். ஒரு முழுச் சுற்று 25 கி.மீ. ஆகிவிடும். அப்படி ஒரு வட்டம் போட பர்லியாறு பள்ளத்தாக்கில் இடம் இல்லை. அப்புறம் சுரங்கம்தான் வழி. அந்தச் செலவை எந்த டிக்கெட்டும் தாங்காது.

ஆகவே நீலகிரிக்கு அதிவேக ரயில் என்றால் கோவை வரை அல்லது மிஞ்சிப் போனால் மேட்டுப்பாளையம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலை ரயிலே தனியார் கம்பெனி கட்டியதுதானே?

ஆமாம். அதன் கதையைத் தெரிந்துகொண்டால் பிறநாட்டு உதாரணங்கள் எல்லாம் சட்டென்று புரியும். 1885-ல் நீலகிரி ரயில் கம்பெனி தொடங்கப்பட்டது. 1891 ஆகஸ்டில் வேலை ஆரம்பம். 1894-ல் கையில் பணமில்லாமல் கம்பெனி கலைப்புக்குப் போனது. 1896-ல் புதுக் கம்பெனி ஒன்று வந்து வேலையைத் தொடர்ந்தது. 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் ஓடியது, ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே. 1903-ல் அரசே தடத்தை விலைக்கு வாங்கியது. குன்னூரில் இருந்து ஊட்டி வரையிலான நீட்டிப்பு 1908-ல் முடிந்தபோது அது அரசின் சொத்து.

கம்பெனி முழுகியது, தடம் மிஞ்சியது, கடைசியில் அரசு எடுத்துக்கொண்டது. இதே வரிசையை நூறு ஆண்டுகள் கழித்து மற்ற நாடுகளிலும் பார்க்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

உதாரணத்துக்கு ₹10,000 கோடி செலவாகும் ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த எண். எந்தத் திட்டத்தின் மதிப்பீடும் அல்ல.

டிக்கெட் வருமானத்தால் மட்டும் தாங்காத திட்டங்களுக்கு மத்திய அரசு விஜிஎஃப் எனும் மானியம் தருகிறது. 2006 முதல் உள்ள திட்டம். பொதுவான கட்டமைப்புத் திட்டங்களுக்கு மத்திய அரசு 20% வரை, திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பு இன்னொரு 20% வரை தரலாம். ஆக அதிகபட்சம் ₹4,000 கோடி. யார் குறைவான மானியம் கேட்கிறாரோ அவருக்கே டெண்டர். மானியம் முதல் நாளே கைக்கு வராது. நிறுவனம் தன் சொந்த முதலை முழுதும் செலவழித்த பிறகுதான், வங்கிக் கடன் விடுவிக்கப்படும் விகிதத்தில் வரும்.

மீதி ₹6,000 கோடி. வழக்கமான 70:30 விகிதத்தில் கடன் ₹4,200 கோடி, சொந்த முதல் ₹1,800 கோடி. 10% வட்டி என்றால் ஆண்டுக்கு ₹420 கோடி, நாளொன்றுக்கு ₹1.15 கோடி. சராசரி டிக்கெட் ₹300 என்று வைத்தால், வட்டி கட்ட மட்டும் தினமும் சுமார் 38,000 பேர் ஏற வேண்டும். மின்சாரம், சம்பளம், பராமரிப்பு, அசல், லாபம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

கட்டும் காலத்து வட்டி தனி. ஐந்து ஆண்டில் கடன் சீராக எடுக்கப்பட்டால், அந்தக் காலத்தில் மட்டும் சுமார் ₹1,050 கோடி வட்டி சேரும். வேலை முடிந்தும் தடம் திறக்க ஓராண்டு தாமதமானால் இன்னொரு ₹420 கோடி, கூடவே ஓராண்டு வருமானம் போச்சு. நிலம் கிடைக்கவில்லை, வனத்துறை ஒப்புதல் வரவில்லை என்று வேலை நின்றால் நிறுவனம் உடனே வழக்குக்கு ஓடுவது இதனால்தான்.

பயணிகள் எண்ணிக்கை மதிப்பீடு ஏன் அடிக்கடி தப்புகிறது?

மதிப்பீடு செய்பவர், திட்டம் வேண்டும் என்று நினைப்பவரிடம் சம்பளம் வாங்குகிறார். அது பாதிக் காரணம். மறுபாதி, டெண்டரில் ஜெயிக்க நிறுவனமே எண்ணிக்கையை ஊதிக் காட்டுவது.

தைவானில் அரசு பணமே போட வேண்டாம் என்று சொல்லி ஒரு நிறுவனம் 1990களின் இறுதியில் தடத்தைப் பெற்றது. 2007 ஜனவரியில் ரயில் ஓடியது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கூட்டம் மதிப்பீட்டை எட்டவில்லை. 35 ஆண்டுக்குள் முழுச் சொத்தையும் தேய்மானமாகக் கழிக்க வேண்டியிருந்ததால் கணக்கேடு ஆண்டுக்கு ஆண்டு சிவந்தது. 2009-ல் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. 2015-ல் மறுசீரமைப்பு: பழைய பங்குதாரர்களின் முதலீட்டில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது, அரசு புது முதல் போட்டது, ஒப்பந்தக் காலம் 35-ல் இருந்து 70 ஆண்டாக நீண்டது. 2019-ல் 6.7 கோடிப் பேர் பயணம் செய்தார்கள். கூட்டம் வந்தது, கம்பெனி தாக்குப்பிடிக்கும் காலத்துக்குள் வரவில்லை.

லண்டனில் இருந்து சேனல் சுரங்கம் வரையிலான தடத்தை 1996-ல் பெற்ற நிறுவனம், யூரோஸ்டார் ரயில்களின் வருமானத்தில் கட்டுவதாகச் சொன்னது. 1998 ஜனவரியிலேயே கூடுதலாக 120 கோடி பவுண்டு கேட்டு அரசிடம் வந்து நின்றது. அரசு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்துக் கட்ட வைத்தது. 2007-ல் முழுத் தடமும் திறந்தது. 2010-ல், கட்டும் ஆபத்தெல்லாம் தாண்டிய பிறகு, 30 ஆண்டு உரிமையை 210 கோடி பவுண்டுக்கு ஓய்வூதிய நிதிகளிடம் விற்றார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தடத்தை வாங்க ஆள் வரிசையில் நிற்கும். வெற்று நிலத்தில் கூட்டத்தைக் கற்பனை செய்து பணம் போடத்தான் ஆள் கிடைக்காது.

நீலகிரிச் சுற்றுலாப் பயணிகளை மதிப்பீட்டில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். இங்கேதான் மலைக்காரர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். கோவைத் தடத்தின் திட்ட அறிக்கை வந்தால் ஊட்டிக்கு வருவோர் எண்ணிக்கை எந்தப் பக்கத்தில், எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

சீசன் காலக் கூட்டத்தை ஆண்டு முழுதும் பரப்பிவிடுவது பழைய தந்திரம். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்துக்கும் மழை கொட்டும் நவம்பருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே கடை வைத்திருப்பவருக்குத் தெரியும், டெல்லி ஆலோசகருக்குத் தெரியாது. இரண்டாவது, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அதற்கு முந்தைய புள்ளிவிவரத்தை வைத்துக் கூட்டம் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளரும் என்று கோடு இழுத்திருந்தால் அந்தக் கோட்டுக்கு மதிப்பு இல்லை. மூன்றாவது, கோவையில் வேகமாக இறங்குபவர் அப்புறம் எதில் வருவார்? மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழி, கோத்தகிரி வழி என இரண்டே மலைப்பாதை. அங்கே பேருந்து எண்ணிக்கைக்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையென்றால் அந்தப் பயணியைக் கணக்கில் இருந்து எடுத்துவிடலாம்.

தண்டவாளம் தயார், ரயில் இல்லை என்ற நிலை வருமா?

வந்திருக்கிறது. வேலையை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், பிரித்த இடத்தில்தான் உடைகிறது.

பிரான்சின் பெர்பிஞானையும் ஸ்பெயினின் ஃபிகெரஸையும் இணைக்கும் 44 கி.மீ. தடத்தை, பைரனீஸ் மலையைக் குடைந்த 8 கி.மீ. சுரங்கத்தோடு, ஒரு தனியார் நிறுவனம் 2009-ல் முடித்துவிட்டது. ஸ்பெயின் அரசு கட்ட வேண்டிய பார்சலோனா இணைப்பு 2013 ஜனவரியில்தான் வந்தது. இடையில் ஓடியவை சொற்ப ரயில்கள். நிறுவனத்துக்குக் கால நீட்டிப்பும் இழப்பீடும் கிடைத்தன, ஆனாலும் 2016-ல் கலைக்கப்பட்டது. இரு நாட்டு அரசு ரயில் அமைப்புகள் தடத்தை ஏற்றுக்கொண்டன.

நெதர்லாந்தில் தடம் கட்டிய நிறுவனத்துக்கு ஆண்டுத் தொகை வேளைக்குப் போய்க்கொண்டிருந்தது. தடம் தயாராக இருந்தது, ஒப்பந்தப்படி அது போதும். ஆனால் சிக்னல் தாமதத்தாலும் ரயில் பெட்டி வராததாலும் பயணிகள் சேவை 2009-ல்தான் தொடங்கியது. அதற்கென வாங்கிய புது ரயில்களும் பனிக்காலத்தில் பழுதாகி 2013 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. காலியான தண்டவாளத்துக்கு வரி செலுத்துபவர் வாடகை கட்டினார்.

நம் நாட்டு உதாரணம் டெல்லி விமான நிலைய மெட்ரோ, 22.7 கி.மீ. தூண், பாலம், சுரங்கம் எல்லாம் அரசு நிறுவனமான டிஎம்ஆர்சி கட்டியது. தண்டவாளம், சிக்னல், ரயில், இயக்கம் தனியார். 2011 பிப்ரவரியில் திறந்தது. 2012 ஜூலையில் பாலத்தின் தாங்கிகளில் கோளாறு தெரிந்து மூடப்பட்டது. 2013 நடுவில் தனியார் நிறுவனம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. 2017-ல் தீர்ப்பாயம் அதற்குச் சாதகமாக ₹2,782 கோடியும் வட்டியும் தரச் சொன்னது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2024 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம் சீராய்வுக்குப் பிந்தைய மனுவில் அதை ரத்து செய்தது. வட்டியோடு தொகை ₹8,000 கோடியைத் தொட்டிருந்தது. கோளாறு சிமென்ட் வேலையிலா, பராமரிப்பிலா? இருவரும் தொடும் இடத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே தெளிவாக எழுதாவிட்டால் இப்படித்தான் பத்து ஆண்டு கோர்ட்டில் போகும்.

நன்றாக நடந்த ஒன்றுகூட இல்லையா?

உண்டு. தூர்–போர்தோ தடம், 302 கி.மீ., 2011-ல் 50 ஆண்டு ஒப்பந்தம், 2017 ஜூலை 2-ல் திறப்பு. பாரிஸ்–போர்தோ பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேலிருந்து இரண்டு மணி நான்கு நிமிடமாகக் குறைந்தது. இங்கே தனியார் தடக் கட்டணத்தை நம்பி இறங்கினார்கள். ஆனால் இரு பெரு நகரங்களுக்கு இடையே ஏற்கெனவே நிறைந்து ஓடிய ரயில்கள் புதுத் தடத்துக்கு மாறின. புதுக் கூட்டத்தை உருவாக்க வேண்டியதில்லை. செலவில் ஒரு பெரிய பங்கை அரசும் வட்டார நிர்வாகங்களும் ஏற்றன. ஆனாலும் தடக் கட்டணம் அதிகம் என்று ரயில் ஓட்டும் அரசு நிறுவனம் முணுமுணுத்தது. அந்தக் கட்டணம் கடைசியில் டிக்கெட்டில்தான் வந்து விடியும்.

மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயில் பிபிபியா?

இல்லை. 508 கி.மீ. தடத்தை மத்திய அரசும் மகாராஷ்டிரா, குஜராத் அரசுகளும் சேர்ந்த நிறுவனம் கட்டுகிறது. ஜப்பான் கடன் 0.1% வட்டியில், 50 ஆண்டுத் தவணையில். அந்த வட்டிக்குத் தனியாருக்கு உலகில் எங்கும் கடன் கிடைக்காது.

இந்தியாவில் ரயில் என்றால் தனியார் ஏன் தயங்குகிறார்கள்?

2020 ஜூலையில் 109 தடங்களில் 151 தனியார் ரயில்களுக்கு ரயில்வே அழைப்பு விடுத்தது. 12 தொகுப்புகள், 35 ஆண்டு உரிமை. ஓராண்டு கழித்து டெண்டர் பெட்டியைத் திறந்தபோது விலை குறித்தவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐஆர்சிடிசி. திட்டம் கைவிடப்பட்டது.

காரணம் எளிது. தடத்தின் சொந்தக்காரர், போட்டி ரயில் ஓட்டுபவர், நேரம் ஒதுக்குபவர், கட்டணம் விதிப்பவர் எல்லாமே ரயில்வே. தகராறு வந்தால் கேட்கத் தனி அமைப்பு இல்லை. 2017-ல் ரயில் வளர்ச்சி ஆணையத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தும் அது இயங்கும் நிலைக்கு வரவில்லை. எதிர் அணியின் கேப்டனே அம்பயராக நிற்கும் மைதானத்தில் யார் பந்தயப் பணம் கட்டுவார்?

மிகக் குறைந்த மானியம் கேட்பவருக்குக் கொடுத்தால் அரசுக்கு லாபம்தானே?

ஹைதராபாத் மெட்ரோவைப் பாருங்கள். 2008-ல் டெண்டரில் ஜெயித்த நிறுவனம் மானியமே கேட்கவில்லை. அரசுக்குத் தானே ₹30,311 கோடி தருவதாகச் சொன்னது. ரயிலைவிட, அதோடு கிடைக்கும் நிலத்தில்தான் கண் என்று அப்போதே எச்சரித்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே நிறுவனம் நிதிச் சிக்கலில் விழுந்து ஒப்பந்தம் ரத்தானது. 2010-ல் மறு டெண்டரில் வேறொரு நிறுவனம் ₹1,458 கோடி மானியம் கேட்டுப் பெற்று, கட்டி, 2017 நவம்பரில் முதல் பகுதியைத் திறந்தது. கொரோனாவுக்குப் பின் அதற்கும் மூச்சுத் திணறி, 2025-ல் தெலங்கானா அரசு அதை எடுத்துக்கொள்ளக் கொள்கை அளவில் சம்மதித்தது.

நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த விலை வந்தால் இரண்டில் ஒன்று: அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது கையெழுத்தான பிறகு பேரம் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். பாதி கட்டிய தூண்கள் நடுரோட்டில் நிற்கும்போது பேரத்தில் அரசின் கை தாழ்ந்துவிடும்.

ரயில் நிலையத்தைச் சுற்றி ஓட்டலும் வணிக வளாகமும் கட்டி நஷ்டத்தை ஈடுகட்டலாமே?

சமவெளியில் ஓரளவு நடக்கும். நீலகிரியில் நடக்காது. மாஸ்டர் பிளான் விதிப்படி கட்டட உயரம் 7 மீட்டர். மலைப்பகுதிக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். மாடி மேல் மாடி எழுப்பி விற்கும் சூத்திரம் இங்கே பொருந்தாது, பொருந்தவும் கூடாது.

நிலம் எடுத்தால் எங்கள் சம்மதம் வேண்டுமா?

எந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை வருகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் அதைப் பாருங்கள்.

2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் பிபிபி திட்டம் என்று வந்தால், பாதிக்கப்படும் நில உடைமைக் குடும்பங்களில் 70% பேரின் முன் சம்மதம் வேண்டும். சமூகத் தாக்க ஆய்வும் கட்டாயம். முழுத் தனியார் திட்டத்துக்கு 80%. ஆனால் 1989 ரயில்வே சட்டத்தின் கீழ் எடுத்தால் சம்மதமும் இல்லை, சமூகத் தாக்க ஆய்வும் இல்லை. 2013 சட்டத்தின் இழப்பீட்டு, மறுவாழ்வு விதிகள் மட்டும் 2015 முதல் பொருந்தும். ஒரே தடம், ஒரே நிலம். அறிவிக்கையின் தலைப்பில் உள்ள சட்டத்தின் பெயர் மாறினால் உங்கள் உரிமை மாறிவிடுகிறது.

சம்மதக் கணக்கில் வருபவர் நிலம் வைத்திருப்பவர், அரசு நிலம் ஒதுக்கப்பட்டவர் மட்டுமே. எஸ்டேட் லயன் வீடுகளில் இருக்கும் தொழிலாளிக்கு அதில் ஓட்டு இல்லை. வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டவர் என்ற வகையில் மறுவாழ்வு கோரலாம். அதற்கு நிலம் எடுக்கப்படுவதற்கு முன் மூன்று ஆண்டு அங்கே வேலை செய்ததற்கான சான்று வேண்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னும் சிக்கல். 1969 ஜென்ம (பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் கீழ் தீராத நிலங்களில் பலருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவர் இழப்பீட்டுப் பட்டியலில் முதல் சுற்றிலேயே விழுந்துவிடுவார். சமவெளித் தடத்துக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை என்றாலும், சாலை, மின்தடம் என்று துணை வேலைகள் வரும்போது இது நினைவிருக்கட்டும்.

காடு, யானை வழித்தடம்?

பலருக்கு வியப்பாக இருக்கும் விஷயம்: 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் பட்டியலில் ரயில் தடம் இல்லை. சாலைக்கு வேண்டிய சுற்றுச்சூழல் அனுமதியும் பொது விசாரணையும் ரயிலுக்குச் சட்டப்படி தேவையில்லை. தடுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. காட்டு நிலம் தொட்டால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு கட்ட ஒப்புதல் வேண்டும், முதுமலை போன்ற காப்பகம் என்றால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படியான உரிமைகள் முதலில் தீர்க்கப்பட வேண்டும்; அந்த வேலை தொடங்கும் இடம் கிராம சபை.

வெளிநாட்டுக் கடன் வாங்கினால் கடன் தருபவரின் விதியே நம் சட்டத்தைவிடக் கடுமையாக இருப்பதுண்டு. புல்லட் ரயிலுக்குத் தாக்க ஆய்வு நடந்தது ஜப்பான் முகமையின் நிபந்தனையால்.

டெண்டர் முதல் முதல் ரயில் வரை என்னென்ன படி?

சாத்தியக்கூறு ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, நிதித் துறையின் ஒப்புதல், தகுதி அழைப்பு, விலை அழைப்பு, ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 கட்டமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியத்தின் வழியே மாநிலத் திட்டங்கள் போகும். கையெழுத்தான பிறகுதான் உண்மையான பரீட்சை: அரசு நிலத்தை ஒப்படைக்க வேண்டும், நிறுவனம் வங்கிக் கடனை உறுதி செய்ய வேண்டும், இதற்குப் பொதுவாக ஆறு மாதம் போல அவகாசம். இரண்டும் முடிந்த நாளில் இருந்துதான் ஒப்பந்தக் கடிகாரம் ஓடும். பத்தில் எட்டுப் பங்கு நிலமாவது கையில் இல்லாமல் கடிகாரத்தை ஓட விட்ட திட்டங்களே பிற்பாடு அதிகம் முடங்குகின்றன. டிக்கெட் பணம் முதலில் வங்கியின் பொறுப்பில் உள்ள ஒரு எஸ்க்ரோ கணக்கில் விழும்; வரி, பராமரிப்பு, வட்டி, அசல் போக மிச்சம்தான் பங்குதாரருக்கு. கடைசியாக ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் சான்று. அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். அவர் கையெழுத்து இல்லாமல் பயணிகளை ஏற்ற முடியாது.

நடுவில் நிறுவனம் விட்டுவிட்டுப் போனால்?

வங்கிகளுக்கு வேறு நிறுவனத்தை உட்கார வைக்க உரிமை உண்டு. அதுவும் நடக்காவிட்டால் அரசு எடுத்துக்கொண்டு முறிவுத் தொகை கட்டும். நெடுஞ்சாலைகளுக்கான பழைய மாதிரி ஒப்பந்தத்தில், ஓடத் தொடங்கிய பிறகு தனியாரின் தவறால் முறிந்தாலும் கடன் பாக்கியில் 90% அரசு தரும். அரசின் தவறால் முறிந்தால் முழுக் கடனோடு முதலீட்டுக்கும் ஒன்றரை மடங்கு. டெல்லி விமான நிலைய மெட்ரோவில் அது 130%. தவறு யாருடையது என்று அத்தனை ஆவேசமாக வழக்காடியது இந்த வித்தியாசத்துக்காகத்தான். எப்படியும் 90% வந்துவிடும் என்றால் வங்கி பயணிகள் மதிப்பீட்டை எவ்வளவு கவனமாகப் படிக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

மலை ரயிலைத் தனியாரிடம் கொடுத்துவிடுவார்களா?

தடம் ரயில்வேயுடையது, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் ரயிலை வாடகைக்கு எடுத்துப் பல மடங்கு கட்டணத்தில் ஓட்டியபோது எதிர்ப்பு எழுந்தது. அது ஓட்டத்துக்கு ஓட்டம் வாடகை, பிபிபி அல்ல. டிக்கெட்டால் பிழைக்க முடியாத தடம் இது. பல்சக்கர என்ஜின், ஒவ்வொரு மழைக்கும் சரியும் மண், ஆட்கள், எல்லாம் செலவு. கட்டண உரிமையோடு நீண்ட கால ஒப்பந்தம் என்று எப்போதாவது வந்தால், மூன்று இடம் பாருங்கள்: உள்ளூர் மக்களுக்கான சாதா டிக்கெட் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதா, மண்சரிவுச் செலவு யாருக்கு, மழையால் ஓடாத நாட்களுக்கு அரசு ஈடு தருகிறதா.

ஒப்பந்த நகலை எப்படிப் பெறுவது, எதைப் படிப்பது?

தகவல் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டணத்தோடு மனு. நிறுவனத்திடம் கேட்க வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசு அமைப்பின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் ஆணையத்தில் இரண்டாவது. வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்று அதே பிரிவில் இருப்பதை மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

"எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: கன்செஷன் ஒப்பந்தமும் அதன் அட்டவணைகளும், பயணிகள் போக்குவரத்து ஆய்வறிக்கை, முறிவுத் தொகை விதி, கட்டண உயர்வுச் சூத்திரம், கையெழுத்துக்குப் பின் செய்த திருத்தங்கள். முதலில் திருத்தங்களைப் படியுங்கள். டெண்டரில் மற்றவர்கள் பார்க்காத சலுகை எதுவும் கிடைத்திருந்தால் அங்கேதான் இருக்கும்.